சுற்றிய பிடியும் சுற்றாத பிடியும்

மனிதன் கையாளும் கருவி ஒவ்வொன்றுக்கும் இரு முனைகள் உள. ஒரு முனை தொழிலைச் செய்வது. மறு முனை கையிற் பொருந்துவது. தொழிலைச் செய்யும் முனையையே உலகம் பாராட்டுகின்றது. மண்வெட்டி வாங்கச் செல்பவன் அதன் அலகைத் தட்டி ஓசை கேட்பான். கத்தி வாங்கச் செல்பவள் அதன் வாயை விரலால் தடவிப் பார்ப்பாள். பிடியைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை. ஆயினும், ஒரு பகல் முழுவதும் தோட்டங் கொத்தி வீடு திரும்பியவனை வினவினால், அலகைப் பற்றி ஒரு வார்த்தையும் பிடியைப் பற்றி ஒன்பது வார்த்தையும் சொல்வான். உள்ளங்கையில் எழுந்த கொப்புளம் அவனுக்கு அதனைக் கற்பித்திருக்கும்.

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கேட்டுக்கொண்டபோது, எதனை எழுதுவது என்று சில நாட்கள் சிந்தித்தோம். கல்லூரி அன்னையின் பெருமையையும், எம்மை ஆளாக்கிய ஆசிரியர்களின் தகைமையையும் எழுத எம்மினும் தக்கார் பலர் உளர். ஆதலின், கடல் கடந்து வாழ்ந்த காலத்தில் எம் கைக்குப் பழக்கமாகிய ஒரு சிறு பொருளைப் பற்றியே எழுதத் துணிந்தோம். அது பூல் விளையாட்டிற் பயன்படும் கோலின் பிடி. அதற்கு நூல் சுற்ற வேண்டுமா, சுற்றாது விடவேண்டுமா என்பதே ஆராய்ச்சி. அற்பமான கேள்வி என்று அன்பர்கள் நகைக்கக்கூடும். எம் குடும்பத்தில் அக்கேள்வி ஒரு மழைக்காலம் முழுவதும் நின்று நிலவியது என்பதனை மட்டும் முன்னரே சொல்லிவைக்கின்றோம்.

பச்சைத் துணி விரித்த மேசையில் பந்துகளைக் கோலினால் உந்தி விளையாடும் ஆட்டங்கள் பல. அவற்றுட் பிலியட்ஸ் என்பதனை எம் நாட்டார் நன்கறிவர். 1973 ஆம் ஆண்டிற் பம்பாயில் நடைபெற்ற உலக அமெச்சூர் பிலியட்ஸ் போட்டியில் வாகை சூடிய எம். ஜே. எம். லாபீர் அவர்கள் இலங்கையர் என்பது நாம் யாவரும் பெருமையோடு நினைக்கத்தக்கது. ஸ்நூக்கர் எனும் ஆட்டமோ எமது அயல் நாட்டிலேயே பிறந்தது. 1875 ஆம் ஆண்டில் ஜபல்பூரில் இருந்த ஆங்கிலப் படையினரிடையே, நெவில் சேம்பர்லேன் என்னும் இளம் அதிகாரியால் அது தொடங்கப்பெற்றது என்பர். அதன் விதிகள் 1882 இல் உதகமண்டலத்துக் கழகத்தின் பிலியட்ஸ் அறையில் எழுதி வைக்கப்பட்டன. பூல் என்பது இவ்விரண்டுக்கும் உறவான ஆட்டம். வட அமெரிக்காவிற் செழித்தது. ஸ்நூக்கர் மேசை 12 அடி நீளமும் 6 அடி அகலமும் உடையது. போட்டிகளிற் பயன்படும் பூல் மேசை 9 அடி நீளத்தோடு நின்றுவிடும். ஆனால் பூற் பந்து பெரிது. அதன் விட்டம் 2¼ அங்குலம். ஸ்நூக்கர்ப் பந்து அதனினுஞ் சிறிதும் பாரங் குறைந்ததுமாகும்.

மேசைகள் வேறுபடுவது போலவே கோல்களும் வேறுபடுகின்றன. ஸ்நூக்கர்க் கோல் பெரும்பாலும் ஆஷ் என்னும் மரத்தாலாயது. அடிப்பாகத்திற் கருங்காலி பொருத்தப்பெறும். அதன் நுனி 9 அல்லது 10 மில்லிமீற்றர் பருமனுடையது. அதன் பிடியில் நூலுமில்லை, தோலுமில்லை; கை நேரே மரத்தைப் பற்றும். பூற் கோல் பெரும்பாலும் மேப்பிள் மரத்தாலாயது. நுனி 12 அல்லது 13 மில்லிமீற்றர் பருமன் கொண்டது. ஏறத்தாழ 58 அங்குல நீளமும், 18 முதல் 21 அவுன்ஸ் வரை நிறையும் உடையது. அதன் அடிப்பாகத்தில், கை பற்றும் இடத்தில், ஏறத்தாழ ஓர் அடி நீளத்துக்கு நூலோ தோலோ சுற்றுவது அமெரிக்கரின் நெடுநாள் வழக்கம். ரஷ்யாவிற் பிறந்து நியூயோர்க்கிற் குடியேறிய ஜோர்ஜ் பலபுஷ்கா (1912–1975) என்பாரின் கோல்களை அந்நாட்டார் இன்றும் பொக்கிஷமாகப் போற்றுவர். அவற்றிற் பலவற்றின் பிடியில் அயர்லாந்து லினன் நூல் சுற்றப்பட்டிருக்கக் காணலாம்.

ஆகவே இது இருவகை நாகரிகங்களின் வேறுபாடு எனலாம். ஆங்கிலேயரின் கழகங்களில் வளர்ந்த கோல் வெறும்பிடியோடு வந்தது. அமெரிக்கரின் விளையாட்டு மண்டபங்களில் வளர்ந்த கோல் சுற்றிய பிடியோடு வந்தது. அண்மைக் காலத்திலோ அமெரிக்கக் கோல்களிலும் நூல் இல்லாத பிடிகள் பெருகிவிட்டன. கோல் வாங்கச் செல்லும் இளைஞனிடம் கடைக்காரர் முதலிற் கேட்கும் கேள்விகளுள் இதுவும் ஒன்றாகிவிட்டது.

நாம் இவ்வாட்டத்தைக் கற்றது ரொறன்ரோ மாநகரில். எமது அண்ணர் 1984 இல் அங்கு சென்றார். நாம் 1988 இற் சென்றோம். இருவரும் உலோகப் பொருள்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இரவுவேலை பார்த்தோம். சனிக்கிழமைகளில், வெளியே பனி முழங்கால் அளவு கிடக்க, அண்ணர் எம்மை ஒரு பூல் மண்டபத்துக்கு அழைத்துச் செல்வார். ஊரிற் கரம் பலகையின் முன் அமர்ந்து வளர்ந்த எமக்கு, பந்தொன்று மற்றொன்றை மோதி விலகும் கோணம் புதிதன்று. புதிதாய் இருந்தது கோலே. அதனை எங்ஙனம் பற்றுவது என்பதே எமக்குப் பெரும் பிரச்சினையாயிற்று.

அதற்குக் காரணம் எமது உள்ளங்கை. சிறு பராயந் தொட்டே அது வியர்க்கும் இயல்பினது. கல்லூரிப் பரீட்சை மண்டபத்தில் விடைத்தாள் நனையாதிருக்கக் கையின் கீழே கைக்குட்டையை மடித்து வைத்தே எழுதுவோம். உடன் பயின்ற நண்பர்கள் அதனை இன்றும் மறந்திலர். ரொறன்ரோவின் குளிர் அவ்வியர்வையைப் போக்கிவிடும் என்று எண்ணினோம், போக்கவில்லை. உள்ளங்கை வியர்ப்பது வெப்பத்தால் மட்டும் நிகழ்வதன்று. மனம் ஒன்றை ஊன்றிக் கவனிக்கும்போதும், அஞ்சும்போதும் அது வியர்க்கும். கணிதப் பரீட்சையின் கடைசிக் கேள்வியும் மேசையில் எஞ்சிய கடைசிப் பந்தும் எம் உள்ளங்கைக்கு ஒன்றே.

மண்டபத்தார் எல்லார்க்கும் பொதுவாக வைத்திருந்த கோல்கள் வார்ணிஷ் பூசிய வெறும்பிடியுடையவை. அரை மணி நேரம் ஆடியதும் அவை எம் கையில் ஒட்டிக்கொள்ளும். அண்ணர் தமக்கெனச் சொந்தமாக ஒரு கோல் வைத்திருந்தார். அதன் பிடியில் வெண்மையும் பசுமையும் புள்ளியிட்டாற்போல் லினன் நூல் சுற்றப்பட்டிருந்தது. ஒரு நாள் எம் நிலையைக் கண்டு அதனை எம்மிடம் நீட்டினார். அன்று தொட்டு நாம் எதிரெதிராக ஆடும் நாட்களிலும் இருவருக்கும் அந்த ஒரு கோலே. அவர் அடித்து முடித்ததும் எம் கைக்கு வரும். நாம் முடித்ததும் அவர் கைக்குச் செல்லும். அவ்வாறு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆடினோம்.

2017 இல் அண்ணர் காலமானார். கோல் அவருடைய மகனுக்குச் சேர்ந்தது. எமது பெறாமகன் ரொறன்ரோவிலேயே பிறந்தவன். தந்தையிலும் வல்ல ஆட்டக்காரன். ஆனால் அவன் கை உலர்ந்த கை. இளமையிலிருந்தே வெறும்பிடிக் கோலில் ஆடிப் பழகியவன். தந்தையின் கோலைச் சில முறை எடுத்து ஆடினான். நூலின் சொரசொரப்பு அவனுக்கு இசையவில்லை. அன்றியும், நூல் பல ஆண்டுக்கால வியர்வையாற் கறுத்து, ஒரு முனையிற் கழன்று தொங்கியது. அதனை அவ்வாறே விட்டுவைக்க முடியாது; புதுநூல் சுற்ற வேண்டும், அல்லது சுற்றையே நீக்கி வெறும்பிடியாக்க வேண்டும். புதுநூல் சுற்றினால் தந்தையின் கோல் தந்தையின் கோலாகவே நிற்கும். ஆனால் மைந்தன் அதனை எடுத்து ஆடான். வெறும்பிடியாக்கினால் மைந்தன் நாள்தோறும் ஆடுவான். ஆனால் அது தந்தை பற்றிய கோலாக இராது. “சித்தப்பா, அப்பாவோட இவ்வளவு காலமும் விளையாடினது நீங்கள். நீங்களே சொல்லுங்கோ” என்று அவன் எம்மிடம் அதனை ஒப்புவித்தான். அண்ணியார் ஒன்றுங் கூறவில்லை. கோலை வைக்கும் பெட்டியை மட்டும் துடைத்துத் தந்தார்.

அப்போதுதான் நாம் இக்கேள்வியை முறையாக ஆராயத் தொடங்கினோம்.

முதலில் வெறும்பிடியின் சார்பாகச் சொல்லப்படுவன யாவை? ஒன்று, அழகு. மரத்தின் வரிகள் நுனி தொட்டு அடி வரை தடையின்றி ஓடுவது கண்ணுக்கு இனிது. இரண்டு, உணர்ச்சி. பந்தை மோதும்போது எழும் அதிர்வு மரத்தின் வழியே நேரே கைக்கு வருகின்றது. இடையில் நூல் நின்றால் அது சற்று மழுங்கும். மூன்று, இடம். நூற்சுற்று ஓர் அடி நீளமே உடையது. நெடிய கையுடையவன் கோலின் அடிப்பக்கமாகப் பற்றும்போது அவன் கையின் ஒரு பாதி நூலிலும் மறு பாதி மரத்திலும் விழும். வெறும்பிடியிலோ எங்குப் பற்றினும் ஒரே தன்மை. நான்கு, துப்புரவு. ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தால் அது புதிதுபோலாகும்.

இனிச் சுற்றிய பிடியின் சார்பு. அதன் முதற் பயன் வியர்வையை உறிஞ்சுதல். லினன் நூல் ஆளிச் செடியின் நாரிலிருந்து திரிக்கப்படுவது. அது ஈரத்தை விரைவில் ஏற்று விரைவில் விடுவது. நனைந்தபோது வலிமை குறையாது கூடும் இயல்பினது. நைலோன் வருமுன்னர் மீன்பிடி நூல்களை லினனாற் செய்தமைக்கு அதுவே காரணம். அந்நூலையே கோல் செய்வோரும் பிடிக்கு எடுத்துக்கொண்டனர். நைலோன் நூலும் சுற்றுவதுண்டு. அது நெடுநாள் உழைக்கும், ஆனால் ஈரத்தை அத்துணை உறிஞ்சாது. தோல் சுற்றிய பிடி கைக்கு மென்மையும் இளஞ்சூடும் தரும். நூலின் சொரசொரப்பு அதில் இல்லை. மிக வியர்க்கும் கையில் மட்டும் சிறிது பிசுபிசுக்கும். றப்பர் உறை நழுவாது. ஆயினும் கையை விடாது பற்றிக்கொள்ளும். கிறிக்கெற் மட்டையின் பிரம்புப் பிடியில் நூல் சுற்றி, அதன்மேல் றப்பர் இடுவதை நாம் கல்லூரி மைதானத்தில் கண்டிருக்கின்றோம். அங்கே வேகமாக வரும் பந்தின் மோதலைக் கை தாங்கவேண்டும். இங்கே அசையாது நிற்கும் பந்தை மெல்ல உந்துவதே தொழில். ஆதலால் அத்துணை இறுக்கமான பிடிப்பு வேண்டுவதில்லை.

ஈண்டு ஒரு மயக்கத்தையும் நீக்கவேண்டும். வெறும்பிடியில் ஆடுபவன் மரத்தையே தொடுகின்றான் என்று கூறுவர். பூற் கோலைப் பொறுத்தவரை அஃது உண்மையன்று. அவன் தொடுவது மரத்தின்மேற் பூசப்பெற்ற பளபளப்பான பூச்சை. உலர்ந்த கையில் அப்பூச்சு வழுவழுப்பாயிருக்கும், ஈரக்கையில் ஒட்டும். ஸ்நூக்கர்க் கோலிலோ பலர் வார்ணிஷ் பூசாது ஆளிவிதை எண்ணெய் தேய்த்துப் பேணுவர். அங்கே கை ஓரளவு மரத்தைத் தொடுகின்றது எனலாம். நூலாகிப் பிடியைச் சுற்றுவதும் எண்ணெயாகிப் பிடியிற் சுவறுவதும் ஒரே ஆளிச் செடியின் நாரும் விதையுமே என்பது எண்ணி மகிழத்தக்கது.

இவையெல்லாம் கையைப் பற்றியவை. பந்துக்கு இவற்றால் வேறுபாடு உண்டா? இதுவே பெறாமகன் விடுத்த அடுத்த வினா. கோலின் நுனி பந்தைத் தொட்டு நிற்கும் நேரம் ஒரு செக்கனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. அதிர்ச்சி கைக்கு எட்டி, நரம்பின் வழியே மூளைக்குச் செல்ல அதனிலும் பன்மடங்கு நேரம் வேண்டும். கை அதனை உணர்வதற்குள் பந்து போய்விட்டது. ஆகவே ‘உணர்ச்சி’ என்று ஆட்டக்காரர் போற்றுவது, செய்து முடிந்த அடியைப் பற்றிப் பின்னர் வரும் செய்தியே. பந்தின் போக்கைத் தீர்மானிப்பவை நுனியின் வளைவும், அதிலிட்ட சோக்கும், நுனிப்பக்கத்துச் சில அங்குலங்களின் பாரமும், கோல் செல்லும் நேர்மையுமே. நுனிக்குத் தோல் பொருத்தும் முறையை 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிங்கோ என்னும் பிரெஞ்சுக்காரர் பரப்பிய பின்னரே பந்தைச் சுழலச் செய்யும் கலை வளர்ந்தது. 1835 இல் கொரியோலிஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் பிலியட்ஸ் பந்துகளின் இயக்கத்தைக் கணித முறையில் ஆராய்ந்து ஒரு நூலே எழுதினார். நுனியைத் தோலாக்கியது பந்தின் பொருட்டு. பிடிக்கு நூல் சுற்றுவதோ கையின் பொருட்டு.

அங்ஙனமாயின், பிடி எதுவாயினும் ஒன்றே என்று முடிவு கட்டலாமோ? கட்டலாகாது. கை வழுக்கும் என்று அஞ்சினால் விரல்கள் தாமாகவே இறுகும். விரல்கள் இறுகினால் மணிக்கட்டு விறைக்கும். மணிக்கட்டு விறைத்தால் கோலின் அடிப்பாகம் நேர்வழியில் ஊசலாடாது மேலெழும் அல்லது பக்கம் விலகும். அடியில் ஒரு நூலளவு விலகினால் நுனி பந்தின் நடுவைத் தவறவிடும். கோல் ஒட்டும் என்று எண்ணினாலும் இதுவே நிகழும். ஒவ்வோர் அடிக்கும் முன்னர் கை இடம் மாற்றிப் பிடித்துப் பார்க்கும். தேர்ந்த ஆட்டக்காரர் கோலைப் பெருவிரலாலும் இரண்டு மூன்று விரல்களாலும் தளரவே பற்றுவர். குருவிக்குஞ்சைப் பற்றியது போல் இருக்கவேண்டும் என்று அண்ணர் எமக்குச் சொல்லித் தந்தார். அவ்வாறு தளரப் பற்றுவதற்குக் கைக்கு நம்பிக்கை வேண்டும். அந்நம்பிக்கையைத் தருவதே பிடியின் தொழில். பிடி பந்தை நேரே தொடாது. மனத்தின் வழியாகத் தொடும்.

கோல் கையினூடே வழுக்கிச் செல்லவேண்டும், ஆதலின் வழுவழுப்பான பிடியே சிறந்தது என்று சிலர் வாதிப்பர். அவர்கள் இரு கைகளின் தொழில்களையும் ஒன்றாக்குகின்றனர். கோல் வழுக்கிச் செல்வது மேசைமேல் ஊன்றிய முன்கையின் விரல்களினிடையே. அங்கே வழுவழுப்பு வேண்டும்; அங்கே எவரும் நூல் சுற்றுவதில்லை. பின்கையோ கோலைப் பற்றி அதனோடு சேர்ந்தே முன்செல்வது. அதற்கு வேண்டுவது இறுக்காமலே நழுவாதிருத்தல்.

இவ்வளவும் ஏட்டளவில். நாமும் பெறாமகனும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மண்டபத்துக்குச் சென்று இதனைச் சோதித்தோம். ஏறத்தாழ ஒரே நிறையுள்ள இரு கோல்களை எடுத்தோம். ஒன்று லினன் சுற்றியது, மற்றது வெறும்பிடியுடையது. ஒரே இடத்தில் வைத்த பந்தை ஒரே குழிக்குள் வீழ்த்துவதாக, ஒவ்வொரு கோலிலும் ஐம்பது அடிகள். முதற் பத்து அடிகளில் எவருக்கும் எக்கோலும் ஒன்றே. கடையில் நின்று ஐந்து நிமிடம் பிடித்துப் பார்த்துத் தெரிவதில் பயன் இல்லை என்பது அப்போதே எமக்குத் தெளிவாயிற்று. ஒரு மணி நேரம் சென்றபின்னரே வேறுபாடு தலைகாட்டியது. வெறும்பிடியில் நாம் ஒவ்வோர் அடிக்கும் முன்னர் கையைக் காற்சட்டையில் துடைத்தோம்; துடைப்பதை நாம் அறியோம், பெறாமகனே எண்ணிச் சொன்னான். லினன் பிடியில் அவன் தன் விரல்களைச் சிறிது உயர்த்தி உயர்த்தி வைத்தான். அதனை அவன் அறியான், நாமே கண்டு சொன்னோம். வீழ்ந்த பந்துகளின் தொகையில் வேறுபாடு மிகச் சிறிது. ஆனால் எவன் எந்தக் கோலில் களைத்தான் என்பதில் ஐயம் இருக்கவில்லை.

அதன்பின் கோலை ஒரு கைவினைஞரிடம் எடுத்துச் சென்றோம். அவர் கழன்ற நூலைச் சற்று விலக்கி உட்பக்கத்தைக் காட்டினார். நூல் சுற்றும் கோலில், நூலும் மரமும் ஒரே மட்டமாய் அமையும்பொருட்டுப் பிடியின் மரம் முன்னரே கடைந்து தாழ்த்தப்பட்டிருக்கும். நூலால் மறையும் இடமாதலால் அங்கே வரியழகில்லாத எளிய மரத்தையே பலர் வைப்பர். ஆகவே நூலைக் கழற்றிவிட்டால் மட்டும் வெறும்பிடி வந்துவிடாது. மேலும் கடைந்து, வேறு மரத்தாற் குழாய்போல் ஓர் உறை செய்து பொருத்தி, ஒட்டி, மறுபடியும் கடைந்து பூச்சிடவேண்டும். பாரமும் சமநிலையும் மாறும். “செய்யலாம்; ஆனால் அது வேறு கோல்” என்றார் அவர்.

அவ்வொரு வார்த்தை எம் தயக்கத்தை நீக்கியது. அண்ணரின் நினைவைக் காப்பதற்காகக் கோலை அலுமாரியில் வைப்பதும் சரியன்று. அதனை ஆடவைப்பதற்காக வேறொன்றாக்குவதும் சரியன்று. கோலுக்கு ஏற்ற கையை நாடுவதே முறை. அதற்கேற்ற வியர்க்குங் கை குடும்பத்தில் இன்னும் ஒன்று இருந்தது. ஆயினும் அதனைக் கேட்டு வாங்க எமக்கு நா எழவில்லை. அது மகனுக்கு உரிய பொருள். வண்டியில் திரும்பும்போது அவனே சொன்னான்: “அப்பான்ர கோல் அலுமாரிக்குள்ள கிடக்கிறதிலும் உங்கட கையில இருக்கிறது நல்லது, சித்தப்பா.” நாம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தோம். மழை பெய்துகொண்டிருந்தது.

புதுநூல் சுற்றும் நாளில் இருவரும் கைவினைஞரின் பட்டறைக்குச் சென்றிருந்தோம். பழைய நூல் ஒரே இழையாகக் கழன்று வந்தது. வெளிப்பக்கம் கறுத்திருந்தது, மரத்தோடு ஒட்டியிருந்த பக்கம் இன்னும் வெளிறியே இருந்தது. பெறாமகன் அதனைச் சிறு சுருளாகச் சுற்றித் தன் சட்டைப்பையில் இட்டுக்கொண்டான். கைவினைஞர் பிடியில் பசையை மெல்லத் தடவி, கோலைக் கடைசற் பொறியில் மெதுவாகச் சுழலவிட்டு, ஒரு கையால் நூலை இழுவிசை மாறாது வழிநடத்தினார். இழையோடு இழை நெருங்கி விழுந்தது. இடைவெளியும் இல்லை, ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் இல்லை. முடிவில் நூலின் தலையைச் சுற்றின் கீழேயே நுழைத்து இழுத்து மறைத்தார். பின்னர் கஞ்சிப் பசை இட்டு அழுத்தி, உலர்ந்தபின் தோற்றுண்டால் தேய்த்துப் பளபளப்பாக்கினார். விரலால் தடவினோம். மரம் எங்கே முடிகின்றது, நூல் எங்கே தொடங்குகின்றது என்பதனை விரல் அறியவில்லை.

பெறாமகனுக்கு நாம் ஒரு வெறும்பிடிக் கோலை வாங்கிக் கொடுத்தோம். அதன் மரத்தின் வரிகள் அலை அலையாய் ஓடுவன. அதனை அவன் நாள்தோறும் துடைத்து வைக்கின்றான். நாம் எமது நூற்பிடியைத் துடைப்பதில்லை, உலரவிடுவதோடு சரி.

இளையோர் கோல் வாங்குவாராயின், எம் அனுபவத்திற் கண்ட சிலவற்றைச் சொல்லி அமைகின்றோம். பிறர் ஆடும் கோலைப் பார்த்தோ, படத்திற் கண்ட வரியழகை நினைந்தோ பிடியைத் தெரியற்க. இரவல் வாங்கியாயினும் இருவகையிலும் ஒவ்வொரு மணி நேரம் ஆடுக. ஆடி முடித்ததும் உள்ளங்கையைப் பார்க்க. கை ஈரமாயின் லினன் நன்று. உலர்ந்ததாயின் வெறும்பிடி நன்று. இரண்டுக்கும் இடைப்பட்டதாயின், நூலின் சொரசொரப்பை வேண்டாதவர்க்குத் தோல் உகந்தது. கை நீண்டவர்கள் தாம் பற்றும் இடம் சுற்றுக்குள் அடங்குகின்றதா என்று அளந்து பார்க்க. பழைய கோலை வாங்கினால், அது எவ்வகையிற் செய்யப்பட்டதோ அவ்வகையிலேயே பேணுக. நூற்பிடிக்குப் புதுநூல் சுற்றுவது எளிது, அதனை வெறும்பிடியாக்குவது பெருவேலை. வெறும்பிடியிற் கீறல் விழுந்தால் பூச்சு முழுவதையும் புதுப்பிக்க நேரும் என்பதனையும் மறவற்க. எக்கோலாயினும் வெயிலிலோ பனியிலோ நிறுத்திய வண்டிக்குள் விட்டுவைத்தால் மரம் வளையும். வளைந்த கோலுக்கு எப்பிடியும் உதவாது.

எமது பழைய மாணவர்கள் இன்று பல தேசங்களில் வாழ்கின்றனர். ரொறன்ரோவுக்கு வரும் அன்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையை எமக்காக ஒதுக்குவாராக. இரு கோல்களும் பெட்டியில் இருக்கும். வந்தவரின் கையைக் குலுக்கும்போதே எதனைக் கொடுப்பது என்று நாம் அறிந்துகொள்வோம்.